பெட்டியிலிருந்து பேழைக்கு: நூலகச் சிறப்புச் சேகரிப்பை வைத்து மாணவர்கள் கண்காட்சி அமைப்பது எப்படி?

பல்கலைக்கழக நூலகத்தில் நாமே போய் எடுத்துப் படிக்க முடியாத ஒரு பகுதி இருக்கும். அரிய அச்சு நூல்கள், கையெழுத்துப் பிரதிகள், ஓலைச்சுவடிகள், யாரோ ஒருவரின் கடிதக் கட்டுகள், பழைய மாணவர் சங்கத் துண்டறிக்கைகள், நிழற்பட ஆல்பங்கள், வரைபடங்கள் எல்லாம் அங்கே பெட்டி பெட்டியாக இருக்கும். சிறப்புச் சேகரிப்பு என்று இதைச் சொல்வார்கள். இதிலிருந்து பொருள்களைத் தேர்ந்தெடுத்து, விளக்கம் எழுதி, கண்காட்சியாக வைக்கும் பொறுப்பைப் பல நூலகங்கள் இப்போது மாணவர்களிடமே கொடுக்கின்றன. ஒரு பாடத்தின் பகுதியாகவோ, பயிற்சிப் பணியாகவோ, மாணவர் மன்றத்தின் முயற்சியாகவோ இந்த வாய்ப்பு வரலாம். முதல்முறை இதில் இறங்குகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கண்காட்சிக்கு வருகிறவர் பொருளைப் பார்க்க வருகிறார். உங்கள் எழுத்தைப் படிப்பது அவருக்கு இரண்டாம்பட்சம்தான். கீழே சொல்லும் எல்லாமே இதிலிருந்து கிளைப்பவை.

திறப்பு நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

கண்காட்சி எந்தத் தேதியில் திறக்கிறது என்று தெரிந்தவுடன் ஒரு தாளை எடுத்துப் பின்னாலிருந்து நாள் குறியுங்கள். பொருள்களைக் கண்ணாடிக் காட்சிப் பேழையில் வைக்க ஒரு வாரம். அதற்கு முன் லேபிள் அச்சடிக்க, திருத்த இரண்டு வாரம். பொருள்களின் நிலையை, அவை கெடாமல் காக்கும் பாதுகாப்பு நிபுணர் பரிசோதிக்கவும், அவற்றைப் பேழைக்குள் ஏந்தி நிற்கும் தாங்கிகள் செய்யவும் குறைந்தது ஒரு மாதம். கணக்குப் போட்டுப் பார்த்தால், எதையெல்லாம் வைக்கப்போகிறோம் என்ற இறுதிப் பட்டியல் பருவத்தின் நடுவிலேயே தயாராக வேண்டும் என்பது புரியும். ஆராய்ச்சிக்கு மீதி நேரம் குறைவுதான். ஆகவே முதல் வாரத்திலேயே வாசிப்பு அறைக்குப் போய்விடுங்கள்.

போகும்முன் நூலகரிடம் நான்கு கேள்விகள் கேட்டு வையுங்கள். எத்தனை பேழைகள் கிடைக்கும்? அவற்றின் உள் அளவு என்ன? எவ்வளவு நாள் காட்சிக்கு வைக்கலாம்? எவற்றையெல்லாம் வைக்கவே கூடாது? பேழையின் நீள அகலம் தெரியாமல் பெரிய வரைபடம் ஒன்றில் மனதைப் பறிகொடுத்துவிட்டால் பிறகு விடுவது கஷ்டம்.

வாசிப்பு அறையில்

சிறப்புச் சேகரிப்பின் வாசிப்பு அறைக்கென்று தனி விதிகள் உண்டு. பை வெளியே, பேனா வெளியே, தண்ணீர்ப் பாட்டிலும் வெளியே. பென்சிலும் தாளும் மடிக்கணினியும் போதும். ஒரு நேரத்தில் ஒரு பெட்டி, ஒரு பெட்டியில் ஒரு கோப்புறை என்றுதான் திறக்க விடுவார்கள். தாள்கள் எந்த வரிசையில் இருந்தனவோ அதே வரிசையில் திரும்பப் போக வேண்டும். அந்த வரிசையே ஒரு சான்று: ஒருவர் தன் கடிதங்களை எப்படி அடுக்கி வைத்திருந்தார் என்பதிலிருந்தும் அவரைப் பற்றித் தெரிந்துகொள்ளலாம்.

வெள்ளைப் பருத்திக் கையுறை போட்டுக்கொண்டுதான் பழைய நூலைத் தொட வேண்டும் என்ற எண்ணம் பலருக்கு இருக்கிறது. இன்று பெரும்பாலான நூலகங்கள் நூலுக்கும் தாளுக்கும் கழுவித் துடைத்த வெறும் கையையே விரும்புகின்றன. கையுறை போட்டால் விரலுக்குத் தாளின் மென்மை தெரியாது, துணி ஓரத்தில் மாட்டிக் கிழித்துவிடவும் கூடும். நிழற்படத்துக்கும் உலோகப் பொருளுக்கும் மட்டும் கையுறை அவசியம். அங்கே விரலின் எண்ணெய்ப்பசை நிரந்தரக் கறையாகிவிடும்.

தேடுவதற்கு இரண்டு வழிகள் உண்டு. அச்சு நூல்களை நூலகப் பட்டியலில் பார்க்கலாம். கடிதங்கள், தனியார் ஆவணங்கள் போன்றவற்றுக்கு ஒவ்வொரு சேகரிப்புக்கும் தனியாக ஒரு விவரப் பட்டியல் இருக்கும்: யார் சேர்த்தது, நூலகத்துக்கு எப்படி வந்தது, எத்தனை பெட்டி, எந்தக் கோப்புறையில் என்ன. அதில் பெரும்பாலும் கோப்புறையின் பெயர் மட்டும்தான் இருக்கும். உள்ளே இருக்கிற நூறு கடிதங்களில் ஒவ்வொன்றும் எதைப் பற்றியது என்று யாரும் எழுதி வைத்திருக்க மாட்டார்கள். திறந்து பார்த்தால்தான் தெரியும். 'இதர கடிதங்கள்', 'பலவகை' என்று பெயரிட்ட கோப்புறைகளை விட்டுவிடாதீர்கள். வகைப்படுத்த முடியாத சுவாரசியங்கள் அங்கேதான் போய்ச் சேரும். அப்புறம், அந்தச் சேகரிப்பைப் பல ஆண்டுகளாகக் கையாளும் ஆவணக் காப்பாளரிடம் பேசுங்கள். எந்தப் பட்டியலிலும் ஏறாத விஷயங்கள் அவர் நினைவில் இருக்கும்.

கவனம் ஈர்த்த ஒவ்வொரு பொருளுக்கும் உடனே குறிப்பு எழுதுங்கள்: சேகரிப்பின் பெயர், பெட்டி எண், கோப்புறை எண், தேதி, அளவு, நிலை. கைப்பேசியில் ஒரு படமும் எடுத்துக்கொள்ளுங்கள், அனுமதி கேட்டு, ஃபிளாஷ் இல்லாமல். கோப்புறை எண் தெரிகிற மாதிரி எடுத்தால் பிறகு தேடி அலைய வேண்டியதில்லை.

இப்போது முக்கியமான பயிற்சி. ஒரு பொருளை எடுத்துக்கொண்டு, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று படிப்பதற்கு முன்னால், பத்து நிமிடம் வெறுமனே பாருங்கள். மடிப்பு எங்கே, கறை எங்கே, எந்தப் பக்கம் அதிகம் தேய்ந்திருக்கிறது, பின்புறம் என்ன இருக்கிறது? 19ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்துப் பிரிட்டிஷ் கடிதங்கள் சிலவற்றில், பக்கம் நிறைய எழுதியபின் தாளைத் திருப்பி, அதே எழுத்தின்மேல் குறுக்காக இன்னொரு முறை எழுதியிருப்பார்கள். வலை பின்னியது போல் இருக்கும். 1840இல் ஒரு பென்னி சீரான கட்டணம் வருவதற்கு முன்பு, அங்கே அஞ்சல் கட்டணம் தாளின் எண்ணிக்கைக்கும் தூரத்துக்கும் ஏற்ப ஏறியது. பெரும்பாலும் கடிதத்தைப் பெறுகிறவரே பணம் கட்ட வேண்டியிருந்தது. இன்னொரு தாள் சேர்த்தால் எதிர்முனையில் இருப்பவர் செலவு இரட்டிப்பாகும். அந்தக் குறுக்கெழுத்தில் ஒரு சிக்கனமும் ஓர் அக்கறையும் தெரிகின்றன. கடிதத்தின் வாசகத்தை மட்டும் தட்டச்சு செய்து வைத்தால் இரண்டுமே காணாமல் போய்விடும்.

தலைப்பு வேண்டாம், கேள்வி வேண்டும்

'பெண்கல்வி', 'போரும் மக்களும்', 'வளாக வாழ்க்கை' என்று ஒரு தலைப்பை முதலில் முடிவு செய்துகொண்டு அதற்குப் பொருள் தேடினால், பொருள்கள் வெறும் படங்களாகிவிடும். நீங்கள் ஏற்கெனவே அறிந்ததைச் சொல்ல அவற்றைப் பயன்படுத்துகிறீர்கள், அவ்வளவுதான். எதிர்த்திசையில் போங்கள். பார்த்த பொருள்களில் எது உங்களை உறுத்துகிறதோ, எதற்கு விளக்கம் கிடைக்கவில்லையோ, அங்கிருந்து தொடங்குங்கள்.

ஒரு குடும்ப ஆல்பம் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு பக்கத்தில் படம் கிழித்து எடுக்கப்பட்டிருக்கிறது. அடியில் எழுதிய குறிப்பு மட்டும் மிச்சம். யார் எடுத்தது, ஏன்? மற்ற ஆல்பங்களிலும் இப்படி இருக்கிறதா? கடிதங்களில் கத்தரித்த வரிகள் உண்டா? நாட்குறிப்பில் மை பூசி மறைத்த பெயர்கள்? இப்போது 'தங்கள் நினைவுகளை மனிதர்கள் எப்படித் திருத்திக்கொண்டார்கள்?' என்று ஒரு கேள்வி உருவாகிறது. 'பழைய ஆல்பங்கள்' என்ற தலைப்பு இந்த இடத்துக்கு உங்களைக் கொண்டுவந்திருக்காது.

கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதிப் பாருங்கள். குழுவில் எல்லோரும் தனித்தனியாக எழுதி ஒப்பிடுவது இன்னும் நல்லது. ஐந்து பேர் ஐந்து விதமாக எழுதினால் நீங்கள் இன்னும் ஐந்து கண்காட்சிகளை வைத்திருக்கிறீர்கள் என்று பொருள். பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு வாக்கியம்தான் பின்னால் எதை விடுவது என்று சொல்லும்.

விடுவது உண்மையிலேயே கடினம். நடுத்தர அளவுப் பேழை ஒன்றில் நான்கைந்து பொருள்கள் வைத்தால் கண்ணுக்கு இடமிருக்கும். பத்து வைத்தால் ஒன்றும் பதியாது. அழகாக இருக்கிறது, அரிதாக இருக்கிறது, தேடிக் கண்டுபிடிக்க மிகவும் பாடுபட்டோம், இந்த மூன்றும் தேர்வுக்குக் காரணங்கள் ஆகா. கேள்வியோடு பேசாத பொருள் வெளியே நிற்கட்டும்.

இன்னொன்று. சேகரிப்பில் யாருடைய குரல் இல்லை என்று கேளுங்கள். காகிதம் விட்டுச்செல்ல வசதி இருந்தவர்களின் பொருள்கள்தான் பெரும்பாலும் நூலகத்துக்கு வந்து சேர்ந்திருக்கும். ஒரு கணக்குப் புத்தகத்தில் கூலிப் பட்டியலில் முதல் பெயரோடு மட்டும் வரும் ஒரு தொழிலாளி, ஒரு கடிதத்தில் 'வேலைக்காரி' என்று போகிறபோக்கில் வரும் ஒருத்தி, இவர்களைப் பார்க்கப் பழகுங்கள். கிடைக்காத சான்றைக் கற்பனையால் நிரப்ப வேண்டாம். கிடைக்கவில்லை என்பதையே லேபிளில் சொல்லுங்கள்.

உரிமையும் அந்தரங்கமும்

நூலகம் கடிதத்தின் உடைமையாளராக இருக்கலாம். ஆனால் கடிதத்தில் உள்ள எழுத்தின் பதிப்புரிமை எழுதியவருக்கோ அவர் வாரிசுகளுக்கோ உரியது. பெறுநருக்குக்கூட அது கிடையாது. பதிப்புரிமை பற்றிய பன்னாட்டு ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கையின்படி படைப்பாளி இறந்தபின் குறைந்தது 50 ஆண்டுகள் உரிமை நீடிக்கும் என்பது பொது அளவு. பல நாடுகளில் அது 70, இந்தியாவில் 60. பேழையில் அசலை வைப்பதில் பெரிய சிக்கல் இருக்காது. இணையத்தில் படம் ஏற்றும்போதும் சுவரொட்டியில் அச்சடிக்கும்போதும்தான் கேள்வி வரும். ஒவ்வொரு பொருளுக்கும் இந்தத் தகவலை நூலகரிடம் முன்கூட்டியே கேட்டு உங்கள் பட்டியலில் ஒரு கட்டமாகச் சேர்த்துவிடுங்கள்.

சட்டம் அனுமதித்தாலும் மனம் அனுமதிக்காத இடங்கள் உண்டு. உயிரோடிருப்பவர்களின் அந்தரங்கக் கடிதம், மருத்துவக் குறிப்பு, ஒருவரின் சம்மதமின்றி எடுத்தது தெரியும் படம், ஒரு சமூகம் புனிதமாகக் கருதி வெளியாருக்குக் காட்டாத பொருள் ஆகியவற்றைப் பற்றிக் குழுவாக உட்கார்ந்து பேசி முடிவெடுங்கள். இழிவான சொற்கள் உள்ள ஆவணத்தைக் காட்டியே ஆக வேண்டும் என்றால், அந்தச் சொல்லை உங்கள் லேபிளின் குரலாக ஆக்காதீர்கள். எந்தச் சூழலில், யார் எழுதியது என்பது முதல் வரியிலேயே தெரியட்டும்.

வெளிச்சம், தாங்கி, பேழை

இந்தப் பகுதியில் பாதுகாப்பு நிபுணர் சொல்வதே இறுதி. ஆனாலும் அவர் ஏன் அப்படிச் சொல்கிறார் என்று தெரிந்திருந்தால் வாக்குவாதம் குறையும்.

வெளிச்சத்தால் ஏற்படும் சேதம் சேர்ந்துகொண்டே போகும், திரும்பாது. அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தின் கையொப்பமிட்ட மூலப்பிரதி 1841 முதல் 1876 வரை வாஷிங்டனில் காப்புரிமை அலுவலகக் கட்டடத்தில், ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில் தொங்கியது. இன்று அதன் எழுத்துகள் வெகுவாக மங்கிக் கிடப்பதற்கு அந்த 35 ஆண்டு வெளிச்சம் ஒரு பெரிய காரணம். யேல் பல்கலைக்கழகத்தின் பைனெக்கி அரிய நூலகம் 1963இல் திறக்கப்பட்டபோது ஜன்னல்களுக்குப் பதில் ஒளி கசியும் மெல்லிய சலவைக்கல் பலகைகளைச் சுவராக வைத்தார்கள். வெயில் நேராக உள்ளே விழக்கூடாது என்பதுதான் நோக்கம்.

தாள், சாயம், நிழற்படம் போன்றவற்றுக்குப் பொதுவாக ஏற்கப்பட்ட வெளிச்ச அளவு 50 லக்ஸ் (ஒரு பரப்பில் விழும் வெளிச்சத்தை அளக்கும் அலகு). முதலில் மங்கலாகத் தோன்றும், ஓரிரு நிமிடத்தில் கண் பழகிவிடும். அளவு ஏன் முக்கியம் என்று ஒரு கணக்கைப் பாருங்கள். 50 லக்ஸில் நாளுக்கு 8 மணி நேரம் வீதம் 90 நாள் வைத்தால் மொத்தம் 36,000 லக்ஸ்-மணி. அதே பொருளை 200 லக்ஸில் வைத்தால் 23 நாளுக்குள் அந்த அளவைத் தொட்டுவிடும். ஆகவே வெளிச்சத்தைக் கூட்டச் சொல்லிக் கேட்காதீர்கள். வேண்டுமானால் நாளைக் குறையுங்கள், நூலாக இருந்தால் சில வாரங்களுக்கு ஒருமுறை பக்கத்தைத் திருப்புங்கள். மிகவும் நலிந்த பொருளுக்கு நல்ல நகல் வைத்து, நகல் என்று லேபிளில் எழுதிவிடுங்கள்.

ஒவ்வொரு பொருளுக்கும் ஒவ்வொரு பலவீனம் உண்டு. மரக்கூழில் செய்த செய்தித்தாள் அதிலுள்ள லிக்னின் என்ற மரப்பொருளால் விரைவாக மஞ்சளாகி நொறுங்கும். இரும்பு கலந்த பழைய கருப்பு மை காலப்போக்கில் தாளையே அரித்து ஓட்டையாக்கும். அப்படிப்பட்ட பக்கத்தை வளைப்பதே ஆபத்து. ஓலைச்சுவடியை நூல்போல விரித்து வைக்க முடியாது, ஒவ்வோர் ஓலைக்கும் அடியில் சமமான தாங்கல் வேண்டும். பழைய முறையில் பைண்டு செய்த நூல்களை 180 பாகைக்குத் தட்டையாகத் திறந்தால் முதுகு உடையும். நூல் தானாக எவ்வளவு திறக்கிறதோ அந்தக் கோணத்துக்குத் தாங்கி செய்து, பக்கங்களை மெல்லிய பாலியஸ்டர் பட்டையால் இறுக்காமல் பிடித்து வைப்பார்கள். ரப்பர் பேண்டு, செல்லோடேப், இரும்புக் கிளிப் எதுவும் அருகில்கூட வரக்கூடாது.

பேழைக்குள் விரிக்கும் துணி, பலகை, பெயிண்ட் ஆகியவையும் கெடுக்கும். ஓக் போன்ற மரங்களிலிருந்து அமில ஆவி வரும். புதிதாகப் பூசிய பெயிண்டும் அப்படித்தான். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் ஆண்ட்ரூ ஆடி 1970களில் வகுத்த ஒரு சோதனை இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. சந்தேகப்படும் துணி அல்லது பலகையின் துணுக்கோடு வெள்ளி, செம்பு, ஈயத் துண்டுகளையும் சிறிது ஈரத்தையும் ஒரு மூடிய குழாயில் வைத்து 60 பாகை செல்சியஸில் 28 நாள் விடுவார்கள். உலோகம் கறுத்தாலோ அரித்தாலோ அந்தத் துணி பேழைக்குள் போகாது. திறப்புக்கு முந்தைய வாரம் கடையில் அழகான வெல்வெட் ஒன்றைப் பார்த்துவிட்டு வந்து நிற்காதீர்கள். இந்த 28 நாள்தான் காரணம்.

லேபிள் எழுதுவது

மாணவர்கள் அதிகம் திணறுவது இங்கேதான். கல்லூரிக் கட்டுரை எழுதிப் பழகிய கை, எல்லாவற்றையும் சொல்லப் பார்க்கும். வருகிறவரோ நின்றுகொண்டு, பை தோளில் தொங்க, அடுத்த பேழையையும் ஒரு கண்ணால் பார்த்தபடி படிக்கிறார். ஆங்கில லேபிள்களுக்கு 50 முதல் 75 சொற்கள் என்பது வழக்கம். தமிழில் சொற்கள் நீளமானவை, ஒட்டிக்கொள்பவை. ஆகவே 40, மிஞ்சினால் 50 சொற்களோடு நிறுத்துங்கள்.

அந்த ஆல்பத்துக்கே லேபிள் எழுதிப் பார்ப்போம். முதல் வரைவு பெரும்பாலும் இப்படி வரும்: 'இது 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாழ்ந்த ஒரு குடும்பத்தின் அரிய, விலைமதிப்பற்ற நிழற்பட ஆல்பம். அக்காலச் சமூக வாழ்வை அறிய உதவும் முக்கிய ஆவணமாக இது திகழ்கிறது.' ஆல்பத்தைப் பார்க்காமலே இதை எழுதிவிடலாம். எந்த ஆல்பத்துக்கும் பொருந்தும்.

இப்போது பொருளைப் பார்த்துக்கொண்டே எழுதியது: 'வலப்பக்கத்தின் மேல்பகுதியைப் பாருங்கள். ஒரு படம் பிய்த்து எடுக்கப்பட்டிருக்கிறது, நான்கு மூலைகளிலும் பசைத் தடம் தெரிகிறது. அடியில் வெள்ளை மையில் "நாங்கள் நால்வரும்" என்று எழுதியதை யாரும் அழிக்கவில்லை. இதற்குப் பிந்தைய பக்கங்களில் உள்ள எல்லாப் படங்களிலும் மூன்று பேரே இருக்கிறார்கள்.'

இதைப் படித்தவர் மறுபடி பேழைக்குள் குனிந்து பார்ப்பார், பசைத் தடத்தைத் தேடுவார். நல்ல லேபிளுக்கு நான் வைக்கும் ஒரே அளவுகோல் அதுதான். காட்டிய பக்கத்தோடு தொடர்பில்லாத தகவல் எவ்வளவு ருசியாக இருந்தாலும் லேபிளில் வேண்டாம். 'அரிய', 'விலைமதிப்பற்ற', 'தனித்துவமான' போன்ற சொற்களையும் எடுத்துவிடுங்கள். பேழைக்குள் பூட்டி வைத்திருப்பதே அதைச் சொல்லிவிடுகிறது.

லேபிளின் கீழே சிறிய எழுத்தில் அடையாளத் தகவல்: படைப்பாளர், பொருளின் பெயர், ஆண்டு, சேகரிப்பு, பெட்டி, கோப்புறை எண். ஆண்டு உறுதியில்லையென்றால் 'ஏறத்தாழ' சேருங்கள். கையெழுத்து படிக்கக் கடினமாக இருந்தால் முக்கியமான இரண்டு வரிகளை அச்செழுத்தில் தாருங்கள். முழுக் கடிதத்தையும் தர வேண்டியதில்லை.

எழுதி முடித்ததும் அந்தத் துறையைப் படிக்காத ஒரு நண்பரிடம் நின்றபடியே உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். அவர் எங்கே மூச்சு வாங்குகிறாரோ அங்கே வாக்கியத்தை உடையுங்கள்.

அடுக்கிப் பார்ப்பது

தரையில் பேழையின் அளவுக்குத் தாள் ஒட்டி, பொருள்களின் அளவுக்கு வெட்டிய அட்டைகளை வைத்து முதலில் ஒத்திகை பாருங்கள். அசலை நகர்த்தி நகர்த்திப் பார்க்கும் வேலை கூடாது. லேபிள் எழுத்து 18 புள்ளி (பாயிண்ட்) அளவுக்குக் குறையாமல், வெளிர் பின்னணியில் அடர் நிறத்தில் இருக்கட்டும். பேழை முன் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்து பாருங்கள். சக்கர நாற்காலியில் வருபவருக்குத் தெரிவது அதுதான். கண்ணாடியில் விளக்கு பிரதிபலித்து எழுத்தை மறைக்கிறதா என்பதும் அப்போதே தெரிந்துவிடும். பெரிய எழுத்தில் அச்சடித்த லேபிள் தொகுப்பு ஒன்றை வாசலில் வைப்பது சிறிய வேலை, பலருக்குப் பயன்படும்.

இணையத்தில்

பேழை மூன்று மாதத்தில் காலியாகிவிடும், இணையக் கண்காட்சி நிற்கும். ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் உருவாகி 2008இல் வெளிவந்த ஒமேக்கா என்ற இலவச மென்பொருளை இதற்காகப் பல நூலகங்கள் பயன்படுத்துகின்றன. ஒவ்வொரு பொருளின் விவரத்தையும் டப்ளின் கோர் என்ற 15 கூறுகள் கொண்ட அமைப்பில் அது பதிந்துகொள்ளும். முதலிலிருந்தே உங்கள் பட்டியலை ஒழுங்காக வைத்திருந்தால் இங்கே பாதி வேலை முடிந்தது.

பேழைக்கு எழுதியதை அப்படியே ஒட்டிவிடாதீர்கள். திரையில் 'வலப்பக்கத்தின் மேல்பகுதியைப் பாருங்கள்' என்பதற்குப் பதில் அந்தப் பகுதியையே பெரிதாக்கிக் காட்டலாம். பேழையில் ஒரே பக்கம் திறந்திருந்த ஆல்பத்தின் மற்ற பக்கங்களையும் இங்கே புரட்ட விடலாம். பார்வையற்றவர்களுக்காகப் படத்துக்கு மாற்று விளக்கம் எழுதும் வேலையைக் கடைசி நாளுக்குத் தள்ளாதீர்கள். பொருளை எவ்வளவு நன்றாகப் பார்த்தீர்கள் என்பது அந்த இரண்டு வரியில் வெளிப்பட்டுவிடும்.

கழற்றும் நாள்

கண்காட்சி முடிந்ததும் பொருள்களை எடுப்பது நூலகப் பணியாளரின் வேலை என்று நினைத்து யாரும் வராமல் இருந்துவிடக் கூடாது. வைக்கும்போது எடுத்த நிலைக் குறிப்பையும் படத்தையும் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றையும் ஒப்பிட்டுப் பார்த்து, சரியான கோப்புறையில், சரியான வரிசையில் சேர்க்க உதவுங்கள். அப்புறம் லேபிள்களின் இறுதி வடிவம், பொருள் பட்டியல், பேழைகளின் படங்கள், உரிமைக் குறிப்புகள், பங்களித்த மாணவர்களின் பெயர்கள் எல்லாவற்றையும் ஒரே கோப்பாக நூலகத்திடம் கொடுங்கள். தேர்வுசெய்து கடைசியில் விட்டுவிட்ட பொருள்களின் பட்டியலையும், ஏன் விட்டீர்கள் என்ற குறிப்போடு, அதில் சேருங்கள். அடுத்த ஆண்டு வேறு ஒரு கேள்வியோடு வரும் மாணவருக்கு அந்தப் பட்டியல் முதல் வாரத்திலேயே கைகொடுக்கும்.